எர்த் ஷெல்டர்டு ஹோம்: தமிழில் என்ன சொல்லலாம்?

மண்ணுக்குள்ளோ மண்ணை ஒட்டியோ கட்டும் வீட்டை ஆங்கிலத்தில் ‘எர்த் ஷெல்டர்டு ஹோம்’ என்பார்கள். அதை ‘நிலத்தடி வீடு’ என்று எழுதினால் பாதிதான் சரி. முழுக்கப் பூமிக்குள் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் சரிவைக் குடைந்து முன்பக்கம் மட்டும் திறந்து கட்டுவதும் உண்டு. தரைமட்டத்தில் கட்டிவிட்டுச் சுவரோரம் மண்ணைக் குவிப்பதும் உண்டு. இந்தக் கடைசி வகையில் நிலத்துக்கு அடியில் எதுவுமே இல்லை. ‘மண் வீடு’ என்றாலோ மண்சுவர் எழுப்பிய வீடு. ‘நிலவறை’ பொன்னையும் பொருளையும் பூட்டிவைக்கும் இடம், அதில் யார் குடியிருப்பார்கள்?

பழைய ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. வடசீனத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மென்மண் பீடபூமியில் கோடிக்கணக்கானோர் வாழ்ந்த மலைக்குடைவு வீட்டின் பெயர் யாவ்தொங். ‘யாவ்’ என்றால் சூளை, ‘தொங்’ என்றால் குகை. வில்வளைவுக் கூரையைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். சூளை என்று பெயர் வைத்துவிட்டுக் கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறார்கள்! ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் 1915இல் ஓபல் என்ற ரத்தினக் கல் கிடைத்தது. அங்கே பாறைக்குள் குடைந்த வீட்டுக்கு ‘டக்அவுட்’ என்று பெயர். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டுவந்த சொல் அது. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளிலும் உள்ளே 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

‘எர்த் ஷெல்டர்டு’ இவற்றைவிட இளைய சொல். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஆய்வுகள் நடந்தன. ‘அண்டர்கிரவுண்டு’ என்றால் ஈரமும் இருட்டும்தானே நினைவுக்கு வரும்? ‘ஷெல்டர்’ கொஞ்சம் மரியாதையான சொல். கேடயம் ஏந்திய படையணியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அது வந்தது என்று ஒரு கருத்து உண்டு.

கேடயம் என்றதும் ‘மண்காப்பு வீடு’ என்று எழுதக் கை போகும். எனக்கும் போனது. சிக்கல் என்னவென்றால், கட்டடத் துறையில் ‘வெப்பக் காப்பு’ என்பது வெப்பத்தைத் தடுக்கும் தெர்மாகோல் போன்ற பொருளைக் குறிக்கிறது. மண் அந்த வேலையில் மோசம்; ஈரமண் இன்னும் மோசம். மண் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஒரு பகலின் சூடு சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பருவகாலத்தின் சூடு மூன்று மீட்டர் ஆழம் போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆக, கோடை உச்சியில் அந்த ஆழத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது வசந்தகாலத்து மண். குளிர்காலத்தில் இலையுதிர் காலத்து மண். சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் மின்செலவு குறைவது இதனால்தான். குளிர்நாடுகளில் இது மட்டும் போதாது. இங்கிலாந்தில் ஹாக்கர்டன் என்ற ஊரில் 1998இல் கட்டி முடித்த ஐந்து வீடுகளில் மண்ணோடு கனமான வெப்பக் காப்பு அடுக்கும் உண்டு. நம் சென்னையில் கதை வேறு. ஆழத்து மண்ணே 28 டிகிரியை ஒட்டி இருக்கும், ஈரப்பதம் வேறு. பெரிய லாபம் கிடைக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். வாழைக்கும் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் அடியில் மண்ணைக் கூட்டிவைப்பதை நம் விவசாயிகள் ‘மண் அணைத்தல்’ என்கிறார்கள். வீட்டுச் சுவரில் செய்வதும் அதே வேலைதான், ஆங்கிலத்தில் ‘பெர்ம்’ போடுவது என்பார்கள். புதைப்பது என்ற பொருளும் இல்லை, தடுப்பது என்ற பொருளும் இல்லை. ஒட்டி நிற்பது மட்டும் இருக்கிறது. அதனால் ‘மண் அணைத்த வீடு’ என்றே எழுதுகிறேன். சுருக்கி ‘மண்ணணை வீடு’ என்று ஆக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆக்கலாம்தான், ஆனால் படிப்பவருக்குப் பவானிசாகர்தான் நினைவுக்கு வரும்.