தண்ணி தெளிவாத்தானுங்க இருக்குது

போன சித்திரையில், நொய்யல் ஆற்றின் மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ்ப்பக்கமிருந்து ஒரு விவசாயி எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங் சார், தண்ணி கண்ணாடியாட்டம் தெளிவாத்தானுங்க இருக்குது. அப்புறம் ஏனுங்க மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது?"

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டேன். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டி ஓடியது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். "நிறம் போயிருச்சுங்க, உப்பு போகலீங்க" என்றேன்.

நொய்யல் கதையே அந்த உப்பில்தான் இருக்கிறது. அணைக்கு மேலே ஆற்றோரம் திருப்பூரின் சாயப்பட்டறைகள். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ அள்ளிக் கொட்ட வேண்டும். உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடும், தான் மட்டும் தங்காது. கொட்டியது அத்தனையும் கழிவுநீரோடு வந்துவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் அடியில் படிந்துவிடும், கரைந்த உப்பு படியாது. திருப்பூரில் முதலில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைத்தான் எடுத்தன. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, உப்புத் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்று 2006-இல் உயர்நீதிமன்றம் சொன்னது, 2009-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காமல், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது.

அதுவரை சட்டம் இல்லையா? இருந்தது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். அதனால் 1974-ஆம் வருடத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தானாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். பிறகு இரண்டு அரசாணைகள். அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்றது 1989-இன் 213. காவிரி, அதன் துணையாறுகள், பாலாறு, வைகை, தாமிரபரணி போன்றவற்றுக்கு அதை 5 கிலோமீட்டர் ஆக்கியது 1998-இன் 127. நொய்யலும் காவிரியின் துணையாறுதான்.

என் குறை இங்கேதான். கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் கோடு போட்டு அளப்பது. தண்ணீர் கோடு பார்த்தா போகும்? சரிவு பார்த்துத்தான் போகும். 6 கிலோமீட்டர் தள்ளி ஓடையில் விட்டாலும் மழை பெய்த ராத்திரியே ஆற்றுக்கு வந்துவிடும். அதோடு, அந்த ஆணைகள் புதிதாக வருகிறவர்களைத்தான் நிறுத்தின. ஏற்கனவே கரையில் இருந்தவர்கள் இருந்தார்கள். ஆலைக் கழிவுநீர் வெளிவரும் குழாய் வாயைப் பார்க்கச் சட்டம் இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து கரூர் வரை வடிநிலம் முழுக்க, கிணறு கிணறாக, வருஷா வருஷம் அளந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒரு சட்டம்தான் வேண்டும்.

மாதிரி எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். எங்களைப் போன்ற தனியார் கூடத்தின் அறிக்கை உங்கள் கிணற்றைப் புரிந்துகொள்ள உதவும். ஆலையின் கழிவுநீர் மீது 1974-ஆம் வருடத்துச் சட்டப்படி வழக்கு நிற்க வேண்டுமென்றால் 21-ஆம் பிரிவு சொன்னபடி எடுத்த மாதிரி வேண்டும். வாரியத்தின் அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, ஆலைக்காரர் முன்னாலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது தவறினால் முடிவு சாட்சியமாகாது. தொழிலுக்கு வந்த புதிதில், நான் அரைமணி நேரம் வாய்க்காலில் நின்று பிடித்த பாட்டிலுக்கு வக்கீல் ஒருவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: "தண்ணி நல்லாருக்கு, பேப்பர் இல்லியே." (கழிவுநீரைப் பார்த்து நல்லாருக்கு என்றவரை அன்றுதான் பார்த்தேன்.)

ஆனால் அதே சட்டத்தில் நம் கைக்கு எட்டும் இரண்டு கதவுகள் இருக்கின்றன, யாரும் தட்டுவதில்லை. எந்தெந்த ஆலைக்கு என்னென்ன நிபந்தனையோடு இசைவாணை (கழிவுநீர் வெளியேற்ற அனுமதி) கொடுத்தார்கள் என்ற பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும். அந்த ஆலையில் அக்கறையுள்ளவரோ அதனால் பாதிக்கப்பட்டவரோ நியாயமான நேரத்தில் போய்ப் பார்க்கலாம். இது 25(6)-ஆம் பிரிவு. 49-ஆம் பிரிவின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு ஒரு தனிமனிதரே புகாரோடு நீதிமன்றம் போகலாம். அப்படிப் போகிறவர் கேட்டால் வாரியம் தன் கையிலிருக்கும் அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும், பொதுநலனுக்குக் கேடு என்று காரணம் காட்டி மறுத்தாலொழிய.

இவ்வளவையும் அந்த விவசாயியிடம் சொன்னேன். பதிவேட்டை விட மீட்டர்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. விலை கேட்டார், வாங்கினார். ஐப்பசி மழை விட்டபிறகு அந்தப் பக்கம் போனபோது மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். சுவரில் கரித்துண்டால் தேதி, அளவு, தேதி, அளவு என்று சித்திரையிலிருந்து எழுதி வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கும் தனியாக ஒரு கோடு கிழித்திருந்தார்.

"அவியளும் கேக்குறாங்க சார்," என்றார். "சுவர்தான் பத்தாது போலிருக்குது."