வேடியப்பன் கல்லுக்கு பெயிண்ட் வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, மாடு மீட்கப் போய் இறந்த வீரர்களின் நடுகற்கள். பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கும். பல்லவர் காலத்தது என்றால் 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர், 'யாண்டு' என்று ஆட்சியாண்டு, பிறகுதான் யார் தொறு கொண்டார், யார் பட்டார் என்ற சேதி. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டார் என்றால் இறந்தார். கல்லின் வயது அந்த முதல் வரியில்தான் இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் போவதும் அதுதான்.

எனாமல் பெயிண்ட் அடித்தால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், பெயிண்ட் உரியும்போது கல்லின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடியில் சிமெண்ட் மேடை கட்டினால் சிமெண்டின் உப்பு ஈரத்தோடு ஏறி, மேற்பரப்பைப் பொரியவைக்கும். அடிவரி எழுத்துகளும் மேடைக்குள் புதைந்துவிடும். கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவே கூடாது. அந்தக் கும்பிடுதான் இத்தனை நூற்றாண்டு கல்லைக் காத்தது. எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் ஒரு முழம் தள்ளி விளக்கேற்றச் சொன்னால் பூசாரிகள் கேட்பார்கள்.

எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸால் வரைவது பெருந்தவறு. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வரைபவர் ஊகித்ததே கல்லில் எழுத்தாகிவிடும், அடுத்து வருபவரும் அதையே படிப்பார். இருட்டியபின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழும்பும். நான்கு பக்கமிருந்தும் ஒளி கொடுத்து, அளவுகோல் வைத்து எடுங்கள்.

கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுக்கும் மைப்படியைப் பழகியவரே எடுக்கட்டும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிரஷ்ஷால் தட்டித் தாளைப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் அரை ஈரமாகும்போது மை ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை பரவி எழுத்து அடைபடும். காய்ந்தால் தாள் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும்.

மரபுக் குழுக்கள் ஊருக்குச் செய்யும் பெரிய தொண்டு பதிவேடுதான். உயரம், அகலம், கனம், பார்க்கும் திசை, ஜிபிஎஸ், நிலத்தின் சர்வே எண் எல்லாம் அதில் ஏற வேண்டும். 'புதுக் கல் கண்டோம்' என்று அறிவிக்குமுன் பழைய பட்டியல்களைப் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் அச்சானவற்றில் அவ்வூர்கள் தருமபுரியின் கீழும், 1965-க்கு முன் சேலத்தின் கீழும் இருக்கும்.

சாலை வேலையில் கல் குறுக்கே வந்தால் ஜேசிபியால் இழுக்க விடாதீர்கள், மண்மட்டத்தில் ஒடிந்துவிடும். அன்றே விஏஓவிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.