பத்திரத்தில் இருப்பது எந்த வார்டு?

அம்பத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளுக்கு வீட்டை செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுத வேண்டும். மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பிய காகிதங்களில் ஒரே வீட்டுக்கு நான்கு வார்டு எண்கள். "புரோக்கர் இதைப் பார்த்துட்டு வில்லங்கம்னு சொல்றார் சார்" என்றார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போல.

வில்லங்கமெல்லாம் இல்லை. அம்பத்தூர் 2011 வரை தனி நகராட்சி. முதல் எண், தாய்ப்பத்திரத்தில் (வீட்டின் பழைய மூலப்பத்திரத்தில்) இருந்தது, அந்த நகராட்சியின் வார்டு. அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155 போய் 200. அதில் 93 புதிய பகுதிகளுக்கு. பழைய சென்னைக்கு 107தான் மிஞ்சியது. எண் போடுவதையும் வடக்கே எண்ணூர்ப் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். அதனால் வீட்டை விட்டு நகராத மயிலாப்பூர்க்காரருக்கும் வார்டு மாறியது. இரண்டாவது எண், வரி ரசீதில் இருந்தது, இந்தக் கணக்குப்படி வந்தது.

2018இல் எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். அதன்படி தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். 2016 முதல் அதுவரை கவுன்சிலரே கிடையாது. (1973இல் மாநகராட்சி மன்றம் கலைந்து 1996 வரை காத்திருந்த ஊர்தானே சென்னை!) மூன்றாவது எண் அந்தத் தேர்தலின் பூத் சிலிப்பில் இருந்தது.

நான்காவதுதான் பலரைக் குழப்புவது: நில அளவைப் பதிவேட்டு நகலில் 'வார்டு சி' என்று இருந்தது. ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நகரத்தை அளப்பதற்காக சர்வே துறை பிரித்த வார்டு, பிளாக் அது. கவுன்சிலர் வார்டை எத்தனை முறை மாற்றி வரைந்தாலும் அது அதன் பாட்டுக்கு இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, பத்திரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். அப்புறம் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அலைச்சல்.

சொத்து விவரத்தில் வெறுமனே 'வார்டு எண்' என்று எழுதவிடாதீர்கள். 'முன்பு அம்பத்தூர் நகராட்சி வார்டு இத்தனை, தற்போது சென்னை மாநகராட்சி 7ஆவது மண்டலம், வார்டு இத்தனை' என்று இரண்டையும் போடச் சொல்லுங்கள். சர்வே வார்டு, பிளாக், சர்வே எண் தனி வரியில் வரட்டும். சொத்தை அடையாளம் காட்டுவது முக்கியமாக சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை. அவை பெரியவரின் காகிதங்களில் ஒன்றுக்கொன்று சரியாகவே இருந்தன.

கிளம்பும்போது, "பழைய நகராட்சி ரசீதுகளைக் கிழிச்சுப் போட்டுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பழைய வார்டு எண்ணும் அவர் பெயரும் சேர்ந்திருப்பது அவற்றில்தான்.