கடைசிப் படகும் உச்சி வெயிலும்: நெடுந்தீவுக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

தீவகத்துப் பக்கம் வைத்தியராக வேலை செய்த வருடங்களில், ஆடி ஆவணி வந்தாலே நாங்கள் எதிர்பார்த்திருக்கும் ஒரு வகை நோயாளி உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவைப் பார்க்கக் காலையில் படகேறி வந்தவர். முகம் சிவந்து, கால் தள்ளாடி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தபடி உள்ளே வருவார். "நல்லாத்தான் நடந்து வந்தவர், திடீரெண்டு இப்படி" என்பார்கள் கூட வந்தவர்கள். நேரம் பெரும்பாலும் பிற்பகல் ஒன்று, ஒன்றரை.

அந்த நேரத்துக்கு வெயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி படகு.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். மலை இல்லை, ஏற்றம் இல்லை, தட்டையான தரை. அதனால் வருகிறவர்கள் இதை ஒரு நடையாகவே கணக்கில் எடுப்பதில்லை. காலையில் படம் எடுத்து, கதைத்து, ஆறுதலாக நடந்து உள்ளே போய்விடுகிறார்கள். பிறகு யாரோ மணியைப் பார்க்கிறார். வந்த தூரம் முழுவதையும் உச்சி வெயிலில், படகு போய்விடுமே என்ற பதற்றத்தில், பாதி நேரத்தில் திரும்ப வேண்டும். ஆள் விழுவது இந்தத் திரும்பு நடையில்தான்.

ஆகவே நாளைத் தலைகீழாகத் திட்டமிடுங்கள். தீவின் படகுத்துறையான மாவலித்துறையில் இறங்கியதும் கோட்டைக்கு வழி கேட்பதற்கு முன், வந்த படகுக்காரரிடமே கேளுங்கள்: "அண்ணை, கடைசிப் படகு இண்டைக்கு எத்தனை மணிக்கு?" இணையத்தில் பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம். காற்றுக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப அது மாறும். சொன்ன நேரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தைக் கழித்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் துறைக்கு அருகே நிழலில் இருக்க வேண்டும். அதோடு, பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை நடையே இல்லை என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது காலையில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம்தான். கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், தெரியும்.

அந்த நேரத்துக்குள் என்ன முடியும்? முருகைக்கற்களால், அதாவது பவளப்பாறைக் கற்களால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு துறையிலிருந்து கிட்டத்தான், நடந்தே போகலாம். குதிரைகள் மேயும் வெளிகளும் தெற்குக் கரையின் குயிந்தாக் கோபுரமும் அப்படியில்லை. அங்கே ஓட்டோ பிடித்துப் போய் இறங்கி, அந்தச் சுற்றுவட்டத்தில் மட்டும் நடந்து, அதே ஓட்டோவில் திரும்புங்கள். "முழுக்க நடந்தே பார்த்தோம்" என்று சொல்லும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசைக்குத் தை கடைசியிலிருந்து பங்குனி முற்பகுதி வரைதான் ஏற்ற காலம். மாரியில் கடல் கொந்தளிப்பால் படகே நிற்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்து வருவதால், வரண்ட சோழகக் காலத்தில்தான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில்தான் வந்து சேர்கிறார்கள்.

சோழகம் ஆளை ஏமாற்றும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வியர்வை அந்தந்த இடத்திலேயே காய்ந்துவிடும். சட்டை நனையாது, அதனால் தண்ணீர் போவது தெரியாது. வழியெல்லாம் இருக்கும் முருகைக்கல் வேலிகள் பார்க்க அழகு, ஆனால் உட்கார நிழல் தராது. பனையின் நிழல் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணீரை யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போங்கள். தீவின் கிணறுகள் பல உவர். கோடை முற்றினால் குதிரைகளே தண்ணீர் தேடி அலையும் இடம் அது. ஆளுக்கு மூன்று லீற்றர் என்பது என் கணக்கு. ஒரேயடியாகக் குடிக்காமல், கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு. வெறும் தண்ணீரை மட்டுமே லீற்றர் லீற்றராகக் குடித்தாலும் உடம்பின் உப்பு குறைந்து தலைசுற்றும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனிப் பக்கற் இரண்டு பையில் இருக்கட்டும், அல்லது உப்புப் போட்ட மோர், தேசிக்காய்த் தண்ணீர். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். படகில் குமட்டும் என்று பயந்து வெறும் வயிற்றோடு ஏறுகிறவர்கள்தான் அதிகம் வாந்தி எடுக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

வாந்தி என்றதும் மாத்திரை. படகேறும் குறிகட்டுவான் துறையிலிருந்து சுமார் ஒரு மணித்தியாலக் கடல், அதனால் பலர் மாத்திரை போடுகிறார்கள். ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பாவது போட்டால்தான் வேலை செய்யும். ஆனால் அவற்றில் பல தூக்கத்தைக் கொடுக்கும், சில வியர்வையையும் குறைக்கும். வியர்க்காத உடம்போடு வெயிலில் நடப்பது ஆபத்து. போட்டவர்கள் அன்று ஓட்டோவிலேயே சுற்றிப் பாருங்கள். பிரஷருக்குச் சிறுநீர் போகும் மாத்திரை எடுப்பவர்களும், இன்சுலின் போடுபவர்களும் பயணத்துக்கு முன் தங்கள் வைத்தியரோடு ஒருமுறை கதையுங்கள். தாங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பா, அம்மா, பதின்வயதில் இரண்டு பையன்கள், விடுமுறைக்கு வந்தவர்கள். அப்பா படகிலேயே இரண்டு தரம் வாந்தி எடுத்திருக்கிறார். வந்தது வீணாகக் கூடாது என்று குதிரை பார்க்க உள்ளே நடந்தார்கள். குதிரை கிடைக்கவில்லை. பன்னிரண்டரைக்குத் திரும்பத் தொடங்கி, பாதி வழியில் ஒரு ஓட்டோவை மறித்தார்கள். ஏறியதும் அந்த மனிதர் ஓட்டோக்காரரைக் காரணமில்லாமல் ஏசத் தொடங்கினார். கூலி கூட என்று நினைத்துக் கோபப்படுகிறார் என்றே மனைவி எண்ணியிருக்கிறார். ஓட்டோக்காரருக்குத்தான் விளங்கியது. "அக்கா, ஐயாவுக்கு வெயில் ஏறிப்போச்சு. முதல்ல தண்ணி ஊத்துவம்" என்று பக்கத்து வீட்டுக்குள் விட்டார். வீட்டுக்கார அம்மா கிணற்றிலிருந்து அள்ள அள்ள, தலையிலிருந்து கால் வரை ஊற்றி, பனையோலை விசிறியால் வீசியிருக்கிறார்கள்.

உவர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாது, ஊற்ற நன்றாக உதவும். உடம்பின் உட்சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் மூளை தடுமாறும். சம்பந்தமில்லாத கோபம், உளறல், தள்ளாட்டம் இவைதான் முதலில் தெரியும். தோல் வறண்டிருக்க வேண்டும் என்றில்லை, வியர்த்துக்கொண்டே இருப்பவரும் இந்த நிலைக்குப் போவார். அந்த நேரத்தில் நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி வீசுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். பரசிற்றமோல் இதற்கு வேலை செய்யாது. நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் ஊற்றவும் வேண்டாம், புரையேறும். ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்கட்டும், மற்றவர்கள் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. குளிரவைக்காமல் படகுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நான் கண்ட பிழைகளில் பெரியது. தீவிலேயே வைத்தியசாலை இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். அக்கரைக்கு மாற்ற வேண்டும் என்றால் அதற்கான படகை அவர்களே ஒழுங்கு செய்வார்கள், இரவிலும் கடற்படைப் படகில் நோயாளிகள் போயிருக்கிறார்கள்.

அந்த மனிதர் எங்களிடம் வந்தபோது தன் பெயரைச் சரியாகச் சொன்னார். சேலைன் ஏற்றி இரவு வைத்திருந்தோம். கடைசிப் படகு அவர்கள் இல்லாமலே போனது. மறுநாள் விடிந்ததும் அதே ஓட்டோக்காரர் வந்து பையன்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, அப்பாவின் கட்டிலில் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்து, கைப்பேசியில் குதிரைப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.