காப்ளர்: பழத் திட்டப்பம்

ஆங்கில அகராதியில் காப்ளர் என்று தேடினால் முதலில் அகப்படுபவர் செருப்புத் தைப்பவர். சமையல் குறிப்பில் வரும் காப்ளர் வேறு. அடியில் பழத் துண்டுகளும் மேலே கெட்டி மாவுமாக வேகவைக்கும் அமெரிக்க இனிப்பு அது. அடியில் மாவுத் தகடு கிடையாது.

இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழக்கத்துக்கு வந்தது. மரக்கிண்ணத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது என்பார்கள். மேற்பரப்பு உருண்டைக் கல் (ஆங்கிலத்தில் ‘காபிள்’) பாவிய தெருவைப் போல இருப்பதால் வந்தது என்பாரும் உண்டு. அகராதிக்காரர்கள் எதையும் அறுதியிடவில்லை. ஆனால் சமைப்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது விளக்கம்தான். மாவு ஒரே போர்வையாக மூடாமல், திட்டுத் திட்டாகக் கிடக்க வேண்டும்.

‘பழ அப்பம்’ என்று எழுதினால் மாவில் பழத்தைக் கரைத்துச் சுட்டது என்றாகிவிடும். ஆற்றுத் திட்டு, மணல் திட்டு என்கிறோமே, அந்தத் திட்டோடு அப்பத்தைச் சேர்த்துப் ‘பழத் திட்டப்பம்’ எனலாம். (வசவு நினைவுக்கு வந்தால் காப்ளர் என்றே எழுதுங்கள்.)

இங்கே இதை ஸ்லோ குக்கரில், அதாவது குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்கலனில், செய்யப் போகிறோம். அதற்கு ‘மெல்லடுகலன்’ பொருந்தும். அடுதல் என்றால் சமைத்தல். இர்விங் நாக்ஸன் 1940இல் காப்புரிமை பெற்ற இந்தக் கலனை, ரைவல் நிறுவனம் 1971இல் க்ராக்பாட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நான்கு லிட்டர் கலனுக்கு அளவு: நறுக்கிய ஆப்பிள் அல்லது பீச் 1 கிலோ, சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய கலனில் போட்டு, ‘ஹை’யில் (அதிகச் சூட்டு நிலையில்) ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். மாவுக்கு: மைதா 150 கிராம், சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. இதில் 60 கிராம் குளிர்ந்த வெண்ணெயை உதிரியாகப் பிசறி, 100 மில்லி பால் விட்டு, கரண்டியிலிருந்து தொப்பென்று விழும் பதத்தில் கலக்குங்கள். அதிகம் கிளறினால் ரப்பர்போல் இழுக்கும். பழச்சாறு சூடேறிய பிறகு, இடைவெளி விட்டுக் கரண்டி கரண்டியாக வைத்து மேலும் ஒன்றரை மணி நேரம்.

பழம் பச்சையாக இருக்கும்போதே மாவை வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அடிச்சூடு மாவை எட்டுவதற்குள் மாவின் அடிப்பாகம் சாற்றை உறிஞ்சி, கடைசிவரை களியாகவே நிற்கும். இடைவெளி இல்லாமல் பரப்பினாலும் அதே கதி, ஆவி மேலேற வழியிருக்காது.

அடுத்த தொல்லை மூடி. உள்பக்கம் ஆவி குளிர்ந்து மாவின்மேல் சொட்டும். மூடிக்கும் கலனுக்கும் நடுவே தடித்த பருத்தித் துணியை இழுத்துப் பிடித்து, ஓரங்களை மூடிமேல் மடித்துவிடுங்கள். வெளிச்சட்டத்தில் தொங்கக் கூடாது. வெந்ததா என்று அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு இறங்கி நேரம் நீளும். கடைசி அரைமணியில் மூடியைச் சற்றே விலக்கி வைக்கலாம்.

எவ்வளவு நேரம் வைத்தாலும் பொன்னிறம் வராது. ஈர ஆவிக்குள் மாவின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவக்க அதற்கும் மேல் வேண்டும். நிறத்துக்குப் பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவலாம். நிறம் பார்த்து வேக்காட்டைக் கணிக்காமல், திட்டின் நடுவில் குச்சியைக் குத்தி, ஈரமாவு ஒட்டாமல் வருகிறதா என்று பாருங்கள்.

உறைபழம் என்றால் முழுதும் உருகவிட்டு, நீரை வடித்து, கார்ன்ஃப்ளாரை 3 மேசைக்கரண்டியாக்குங்கள். அணைத்ததும் சாறு தண்ணீராகத்தான் தெரியும். மூடாமல் 20 நிமிடம் விட்டால் கெட்டிப்படும்.