ஓடிபி ஏன் பாதியில மறந்து போகுது?

நேத்து கரண்ட் பில் கட்டிட்டு இருந்தேன். ஓடிபி 6 நம்பர் வந்துச்சு, மேல எட்டிப் பாத்துட்டு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே டைப் பண்றேன், மூணாவது நம்பர்ல இருக்கும்போது ஃபேமிலி குரூப்ல ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து விழுது, அவ்ளோதான், மீதி மூணும் காலி. அனுப்புனது சித்தப்பா, திட்டவும் முடியாது.

வயசாகுதோன்னு பயந்துடாதீங்க, மூளையோட அமைப்பே அப்படித்தான். இந்த நிமிஷம் யோசிக்கிறதை மட்டும் பிடிச்சு வச்சிருக்கிற ஒரு நினைவு இருக்கு, வொர்க்கிங் மெமரின்னு பேரு. இத்தினூண்டு இடம். 1956-ல ஜார்ஜ் மில்லர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் அதுல சுமார் 7 விஷயம் நிக்கும்னார், 2001-ல நெல்சன் கோவன் அவ்ளோ எல்லாம் இல்ல, 4 தான் வரும்னு குறைச்சுட்டார். விஷயம்னா ஒத்தை நம்பர் இல்லை, ஒரு கட்டு. 194725-ஐ ஆறு நம்பரா பிடிச்சா திணறும், 1947, 25னு பாத்தா ரெண்டே கட்டு. போன் நம்பரை அஞ்சஞ்சா பிரிச்சு சொல்றோமே, அதே வேலைதான். ஆனா அந்தக் கட்டையும் உள்ளுக்குள்ள திருப்பித் திருப்பி சொல்லிட்டே இருந்தாத்தான் நிக்கும், ரோஜாப்பூ வந்ததும் அது நின்னு போச்சு.

அதனால எவ்ளோ தகவல் வருதுங்கிறதை விட எப்ப குறுக்க வருதுங்கிறதுதான் பிரச்சனைன்னு எனக்குத் தோணுது. 2009-ல சோஃபி லெராய் செஞ்ச ஆய்வுல, ஒரு வேலையை முடிக்காம அடுத்ததுக்குத் தாவினவங்களுக்கு மனசுல ஒரு பங்கு பழசுலயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, புது வேலையும் சொதப்புச்சு.

சரி, மெசேஜைப் பாக்காம இருக்கலாமேன்னா, அது முடியாது. ஸ்கின்னர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் சோதனையில வச்சிருந்த புறாக்கள், பட்டனை எத்தனை தடவை கொத்தினா தீனி விழும்னு தெரியாதப்பதான் விடாம கொத்துச்சுங்க. நூறு ரோஜாப்பூவுக்கு நடுவுல ஒரு நல்ல சேதி வந்துடும்ல, அதுக்காக நாமளும் கொத்துறோம்.

நடுவுல எழுந்திரிக்க வேண்டி வந்தா எங்க விட்டேன், வந்ததும் என்ன செய்யணும்னு அரை வரி கிறுக்கி வச்சுடறேன். லெராயே 2018-ல இன்னொருத்தரோட சேர்ந்து இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க, அப்படி எழுதி வச்சா மனசு பழைய வேலையை சீக்கிரம் விடுதாம்.

அப்புறம் குரூப்பை மியூட் பண்ணப் போனேன். 8 மணி நேரமா, ஒரு வாரமா, எப்பவுமான்னு கேட்டுச்சு. எப்பவும்னு போட்டுட்டேன், சித்தப்பாகிட்ட சொல்லிடாதீங்க.