உட்காரும் திண்டு எந்த எலும்பைத் தாங்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வேலையின் முகமே மாறிவிட்டது. மரத்துக்கு மரம் நடந்து ரப்பர் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார்கள், செம்பனைக் குலை ஏற்றிய லாரியில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் காவல் காக்கிறார்கள், தையல் இயந்திரத்தின் முன் பொழுதைப் போக்குகிறார்கள். வால் எலும்பு வலித்தால் வெளியே சொல்லவும் கூச்சம். இரவுச் சந்தையில் விரலால் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்ற திண்டை வாங்கிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நேராக உட்காரும்போது உடற்பாரத்தில் பெரும்பங்கை ஏற்பவை, புட்டத்துச் சதைக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்து அவற்றின் மீது உட்கார்ந்து பாருங்கள். இரு பக்கமும் கூழாங்கல்லாக உறுத்துபவை அவைதான். பாரம் தாங்கவென்றே தடித்து வளர்ந்த எலும்புகள். முதுகுத்தண்டின் கடைக்கோடியில், 3 முதல் 5 சிறு எலும்புகள் சேர்ந்த வால் எலும்புக்கு அந்தத் தெம்பு கிடையாது. இடுப்பை முன்னே நழுவவிட்டுச் சாய்ந்தால் இடுப்பெலும்பு பின்பக்கம் உருண்டு, பாரம் வால் எலும்பின் மேல் இறங்குகிறது. கீழ்முதுகின் இயல்பான வளைவும் தட்டையாகி, தசைநார்கள் இழுபடுகின்றன. முதுகுவலியும் வால் எலும்பு வலியும் சேர்ந்தே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெண்களுக்கு வால் எலும்பு வலி ஆண்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். பிரசவத்தின்போது அந்த எலும்பு அடிபடுவதும் உண்டு.

ஆக, நல்ல திண்டின் வேலை இரண்டு: பாரத்தை அந்த இரு முனைகளிலும் தொடைகளிலும் பரப்புவது, வால் எலும்பை அந்தரத்தில் விடுவது. பின்விளிம்பில் 'ப' வடிவில் வெட்டு விட்ட திண்டு இதைச் செய்கிறது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் திண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலநோய்க்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் அதன் பின்பக்க விளிம்பு பலருக்கு வால் எலும்புக்கு நேர் கீழேயே வந்து அமர்கிறது.

அடுத்தது திண்டுக்குள் இருக்கும் பஞ்சு, அதாவது ஃபோம். லேட்டக்ஸ் எனும் ரப்பர் பால் நுரையாலான திண்டைப் புரட்டினால் பென்சில் நுழையும் அளவுக்கு வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். காற்றோட்டத்துக்கு என்பார் கடைக்காரர்; அதற்கும் உதவும்தான். ஆனால் அவை செய்முறையின் தடம். ரப்பர் பாலோடு கந்தகமும் சோப்பும் சேர்த்து நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, ஆவியில் வேகவைக்கிறார்கள். நுரை சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் அச்சில் நிற்கும் உலோக முளைகள்தாம் நடுப்பகுதி வரை வெப்பத்தைக் கொண்டு செல்கின்றன. 1929இல் டன்லப் நிறுவனத்தில் உருவான முறை இது. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட இந்த மண்ணுக்கு இந்தப் பஞ்சு அந்நியமானதல்ல. அழுத்தம் விட்டதும் சட்டென்று நிமிரும் பஞ்சு என்பதால், அடிக்கடி எழுந்து உட்காருபவர்களுக்கு இதையே சொல்வேன்.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்கான ஆய்வில் பிறந்தது. உடற்சூட்டில் இளகி உருவத்துக்கேற்பப் படியும். குளிரூட்டிய அலுவலகத்துக்குச் சரி. வெயிலில் நிறுத்திய லாரிக்குள் அளவுக்கு மீறித் தளர்ந்துவிடும். அடியில் கெட்டியான அடுக்கு இல்லாவிட்டால் எலும்பு நேரே பலகையைத் தொட்டுவிடும்.

அதைச் சோதிப்பது எளிது. கால்மணி நேரம் உட்கார்ந்த பிறகு, எழாமலே திண்டுக்கும் நாற்காலிக்கும் இடையில் கையை நுழையுங்கள். எலும்பு முனை கைக்குத் தட்டுப்பட்டால் அந்தத் திண்டு தாங்கவில்லை. பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். திண்டு உயர்த்தியதால் கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி நசுங்கும். ஓட்டுநர்கள் திண்டு போட்டவுடன் இருக்கையையும் கண்ணாடிகளையும் மறுபடி சரிசெய்தே வண்டியை எடுக்க வேண்டும். வழுக்கும் திண்டு பிரேக் மிதிக்கும் நேரத்தில் ஆபத்து.

எந்தத் திண்டானாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கத்தான் வேண்டும். விழுந்தபின் வந்த வலி, சில வாரங்களாகியும் குறையாத வலி, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவற்றுக்குத் திண்டு தேடாமல் கிளினிக்குக்குப் போங்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.